செவ்ரோலெட் 350: டைமிங் லைட் 8 டிகிரி காட்டுது, ஆனா சூட்டில் செல்ஃப் திணறுது. பேலன்சர்தான் காரணமா?

#1 நீலபிக்கப்

வண்டி 1972 செவ்ரோலெட் சி10. 350 கன இன்ச் வி8 இன்ஜின், நாலு பேரல் கார்பரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிப்யூட்டர். டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழட்டி வாயை அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் டைமிங் லைட் அடித்து டைமிங்கை (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் ஸ்பார்க் அடிக்கும் கோணம்) 8 டிகிரிக்கு வைத்திருக்கிறேன். கோடு ஆடாமல் நிற்கிறது. இருந்தாலும் இரண்டு பிரச்சினை.

சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு பத்து நிமிஷத்தில் மறுபடி செல்ஃப் அடித்தால், பேட்டரி செத்த மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் இது இல்லை. பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மூன்றையும் சோதித்தாயிற்று, நன்றாக இருக்கின்றன. அடுத்து, மேட்டில் டாப் கியரில் மிதித்தால் நாக்கிங் சத்தம்.

ஹார்மோனிக் பேலன்சரின் (கிராங்கின் முன்முனையில் இருக்கும், ரப்பர் வைத்த வளையச் சக்கரம்) முன்பக்க ரப்பரில் வெடிப்பு இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் கறுப்புப் பொடியாக உதிர்கிறது. புதிதாக வாங்கலாம் என்று தேடினால் 6¾ இன்ச், 8 இன்ச், 400-க்கானது, 1986-க்குப் பிறகானது என்று ஏகப்பட்டது வருகிறது. எதை வாங்குவது? டைமிங் பிரச்சினைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

#2 டைமிங்முள்

முதலில் ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) பார்த்தீர்களா? பாயிண்ட் டிஸ்ட்ரிப்யூட்டரில் ட்வெல் 1 டிகிரி நகர்ந்தால் டைமிங்கும் ஏறத்தாழ 1 டிகிரி நகரும். அதனால் ட்வெல் முதலில், டைமிங் அப்புறம். மாற்றிச் செய்தால் செய்த வேலை வீண். இந்த இன்ஜினுக்கு 30 டிகிரி வேண்டும், 28 முதல் 32 வரை பரவாயில்லை. கேப்பில் இருக்கும் சின்ன ஜன்னலைத் தூக்கி, இன்ஜின் ஓடும்போதே ⅛ இன்ச் அலன் கீயால் திருப்பலாம். மீட்டர் இல்லையென்றால் இன்ஜின் மிஸ் அடிக்கும் வரை வலப்பக்கம் திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வாருங்கள். கிட்டத்தட்ட சரியாக வந்து நிற்கும்.

வேக்குவம் ஹோஸை உண்மையிலேயே கழட்டினீர்களா என்பதையும் இன்னொரு முறை பாருங்கள். ஹோஸ் மேனிஃபோல்டில் நேரடியாகச் செருகியிருந்தால் ஐட்லிங்கிலேயே 10 முதல் 15 டிகிரி கூடிவிடும்.

#3 கிராங்க்வாத்தியார்

டைமிங்முள் சொன்ன ட்வெல் விஷயம் சரி, அதை முதலில் முடியுங்கள். ஆனால் வேக்குவம் ஹோஸ் இந்த நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது. ஹோஸ் மாட்டியிருக்கும்போதே லைட்டில் 8 வைத்திருந்தால், ஹோஸ் இல்லாத உண்மையான அளவு பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். அது டைமிங் பின்தங்கிய நிலை. பின்தங்கினால் வண்டி மந்தமாக இழுக்கும், இன்ஜின் சூடேறும், மேனிஃபோல்ட் பழுக்கும். நாக்கிங் வராது, செல்ஃபும் திணறாது.

நீலபிக்கப் சொல்வது முழுக்க எதிர்த்திசை அடையாளம். சூட்டில் ஸ்டார்ட்டர் திணறுவதும் மேட்டில் நாக்கிங் வருவதும் டைமிங் அளவுக்கு மீறி முன்னால் இருப்பதைக் காட்டுகின்றன. பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குள் ஸ்பார்க் அடித்து, எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளப் பார்க்கிறது. அதை எதிர்த்துத்தான் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது.

அப்படியானால் லைட் பொய் சொல்கிறதா? லைட் பொய் சொல்லாது. ஸ்பார்க் அடிக்கும் நேரத்தில் வளையத்தில் உள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கோடு பொறித்திருப்பது பேலன்சரின் வெளி வளையத்தில். அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நடுவில் உள்ள ரப்பர் மட்டும்தான். ரப்பர் விட்டால் வளையம் நகரும், கோடும் கூடவே போகும். ரப்பர் பொடியாக உதிர்கிறது என்றதுமே எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

ஆனால் சந்தேகத்தை வைத்துப் பொருள் வாங்கக் கூடாது. முதலில் உண்மையான மேல்முனையைக் கண்டுபிடியுங்கள். மேல்முனை என்று நான் சொல்வது ஒன்றாம் சிலிண்டர் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்.

#4 ஸ்பானர்செட்

பிளக் ஓட்டையில் ஸ்குரூடிரைவரை விட்டு, அது மேலே ஏறி நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதாதா அண்ணே? எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

#5 கிராங்க்வாத்தியார்

போதாது தம்பி. கணக்குப் போட்டுப் பாரு. 350-ல் ஸ்ட்ரோக் 3.48 இன்ச், கனெக்டிங் ராட் 5.7 இன்ச். மேல்முனையில் இருந்து கிராங்க் 5 டிகிரி நகர்ந்தால் பிஸ்டன் இறங்குவது வெறும் 0.22 மில்லிமீட்டர். 10 டிகிரிக்கே 0.9 மில்லிமீட்டர்தான். ஸ்குரூடிரைவர் நுனியில் இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. போதாததற்கு இந்த ஹெட்டில் பிளக் ஓட்டை சாய்வாக இருக்கிறது. ஸ்குரூடிரைவர் மாட்டிக்கொண்டால் பிஸ்டனில் கீறல் விழும், இல்லையென்றால் நுனி உடைந்து உள்ளேயே கிடக்கும்.

உச்சியில் பிஸ்டன் நின்றுகொண்டிருப்பது போலவே இருக்கும். அதனால் உச்சியைத் தேடவே கூடாது. உச்சிக்கு இரண்டு பக்கமும் பிஸ்டன் வேகமாக நகரும் இடங்களில் அதைத் தடுத்து நிறுத்தி, இரண்டுக்கும் நடுவை எடுக்க வேண்டும். அதற்குத்தான் பிஸ்டன் ஸ்டாப்.

கடையில் கிடைக்கும். வீட்டிலும் செய்யலாம். பழைய 14 மில்லிமீட்டர் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே மறை வெட்டி ஒரு போல்ட்டை ஏற்றுங்கள். நுனியை உருண்டையாகத் தேய்த்துவிடுங்கள்.

செய்முறை இது. பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்கள், இதை யாரும் விடக் கூடாது. ஸ்டாப் உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட்டர் ஒரு தடவை சுற்றினாலும் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். எட்டு பிளக்கையும் எடுத்துவிடுங்கள், கிராங்க் கையாலேயே லேசாகச் சுற்றும். ஒன்றாம் சிலிண்டர் டிரைவர் பக்கம் (அமெரிக்க வண்டியில் இடப்பக்கம்), முன்னால் இருப்பது. பிஸ்டன் கீழே இருக்கும்போது ஸ்டாப்பை மாட்டுங்கள்.

முன்னால் நின்று பார்க்கும்போது வலஞ்சுழியாக மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் ஸ்டாப்பில் மெத்தென்று முட்டி நிற்கும். அப்போது டைமிங் தகட்டின் (பேலன்சர் ஓரமாக நிற்கும், டிகிரி பொறித்த தகடு) 0-க்கு நேராக வளையத்தில் ஒரு கோடு போடுங்கள். அடுத்து இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். கிட்டத்தட்ட முழுச் சுற்று போய் மறுபடி முட்டும். அங்கேயும் 0-க்கு நேராக ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் குறுகிய பக்கத்தை, வளைவோடு ஒட்டினாற்போல் டேப் வைத்து அளந்து பாதியாக்குங்கள். அந்தப் பாதிதான் உண்மையான மேல்முனை.

ஒரு எச்சரிக்கை. இடஞ்சுழியாகச் சுற்றும்போது நடு போல்ட் கழன்று வரப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். புல்லி போல்ட்டுகளில் கம்பி கொடுத்தோ, ஃப்ளைவீல் பல்லைப் பிடித்தோ சுற்றுங்கள்.

6¾ இன்ச் வளையத்தின் சுற்றளவு 538.6 மில்லிமீட்டர். அதாவது 1 டிகிரிக்கு 1.5 மில்லிமீட்டர். 8 இன்ச் வளையத்தில் 1 டிகிரிக்கு 1.77 மில்லிமீட்டர். பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

#6 டைமிங்முள்

வித்தியாசம் சரியாக 8 டிகிரி வந்தால் உடனே ரப்பர்மேல் பழி போடாதீர்கள். 1968 வரைக்குமான ஸ்மால் பிளாக் (350 சேர்ந்த செவ்ரோலெட் வி8 குடும்பம்) பேலன்சரில் கோடு சாவிப்பள்ளத்துக்கு (ஹப்பைக் கிராங்கோடு பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) 2 டிகிரி முன்னால் இருக்கும். 1969 முதல் 10 டிகிரி முன்னால். முன்பு யாராவது பழைய காலத்து பேலன்சரைப் புதிய தகட்டோடு சேர்த்து மாட்டியிருந்தால் ரப்பர் நன்றாக இருந்தாலும் 8 டிகிரி தப்பு வரும். அந்தத் தப்பு நாளாக நாளாக அதிகமாகாது, அப்படியே நிற்கும்.

ரப்பர் நழுவினால் அளவு ஏடாகூடமாக வரும், மாறிக்கொண்டும் இருக்கும். அதைப் பிடிக்க எளிய வழி, நடு ஹப், ரப்பர், வெளி வளையம் மூன்றையும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரே நேர்க்கோடு இழுப்பது. நூறு மைல் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு ரப்பர் இடத்தில் உடைந்திருந்தால் அதற்குமேல் விசாரணை வேண்டாம்.

#7 நீலபிக்கப்

ட்வெல் 27 இருந்தது, 30-க்குக் கொண்டுவந்தேன். டைமிங்கை மறுபடி 8-க்கு வைத்தேன். பிரச்சினை அப்படியே இருக்கிறது.

பிஸ்டன் ஸ்டாப் அளவு: இரண்டு கோட்டுக்கும் இடையே 84 மில்லிமீட்டர், நடு 42. பழைய கோடு அந்த நடுவில் இருந்து 21 மில்லிமீட்டர் தள்ளி, வலஞ்சுழித் திசையில் இருக்கிறது. பேலன்சர் விட்டம் 6¾ இன்ச்.

#8 கிராங்க்வாத்தியார்

21-ஐ 1.5-ஆல் வகுத்தால் 14 டிகிரி. 8 இல்லை, அதனால் ஆள் மாறின பேலன்சர் இல்லை. வளையம் நழுவியிருக்கிறது.

திசையும் உங்கள் அடையாளங்களோடு ஒத்துப்போகிறது. இன்ஜின் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. கோடு வலஞ்சுழித் திசையில் முன்னால் போயிருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 14 டிகிரி முன்னதாகவே கோடு 0-ஐத் தொட்டுவிடுகிறது. லைட் 8 என்று காட்டும்போது உண்மையில் 22 டிகிரி. சென்ட்ரிஃபியூகல் அட்வான்ஸ் (வேகம் ஏறும்போது டிஸ்ட்ரிப்யூட்டர் எடைகள் விரிந்து தானாகக் கூட்டும் டைமிங்) 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 3000 ஆர்பிஎம்மில் மொத்தம் 46. இந்த ஹெட்டுக்கு 34 முதல் 36 போதும். 46-ல் நாக்கிங் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தயவுசெய்து இப்படியே பாரம் ஏற்றி ஓட்டாதீர்கள். நாக்கிங் பிஸ்டன் ரிங் இடுக்குகளை உடைக்கும், ஹெட் கேஸ்கெட்டைத் தின்னும்.

புது பேலன்சர் வரும் வரை இன்று போட்ட நடுக்கோட்டை வைத்து டைமிங்கைச் சரிசெய்து, மெதுவாக ஓட்டலாம். ஆனால் அது நழுவிக்கொண்டிருக்கும் வளையம், நாளைக்கே அந்தக் கோடும் செல்லாமல் போகலாம். வளையம் முன்னும் பின்னும் ஆட்டம் கண்டிருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். கழன்ற வளையம் ரேடியேட்டரையும் டைமிங் கவரையும் கிழித்துவிடும்.

#9 ஸ்பானர்செட்

வேக்குவம் கேஜ் வைத்து அதிகபட்சம் வரும் இடத்தில் டிஸ்ட்ரிப்யூட்டரை முடுக்கினால் கோடே தேவையில்லை என்கிறார்களே?

#10 டைமிங்முள்

ஐட்லிங்கில் வேக்குவம் அதிகபட்சம் காட்டும் இடம் பெரும்பாலும் தேவைக்கு மேல் முன்னால்தான் இருக்கும். அதே இடத்தில் முடுக்கினால் மொத்த டைமிங் எகிறிவிடும். வழியில் நின்ற வண்டியை வீடு கொண்டுவர அது உதவும். நிரந்தர அளவாக வைக்கக் கூடாது.

#11 வீ8கணேசன்

இப்போ வாங்கும் விஷயம். பெயரை வைத்து ஏமாற வேண்டாம், 350-க்கு இது பேலன்ஸ் பண்ணும் பொருளே இல்லை, அதிர்வை அடக்கும் பொருள். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஒரு கணம் முறுக்கிக்கொண்டு திரும்ப விடுகிறது. பின்னால் ஃப்ளைவீல் கனமாகப் பிடித்திருப்பதால் அந்த ஆட்டம் முன்முனையில்தான் அதிகம். கனமான வளையம் ரப்பரின் வழியாகப் பின்தங்கி வந்து அந்த முறுக்கை எதிர்க்கிறது. அந்த ஆற்றல் ரப்பரில் சூடாகி வெளியேறுகிறது. ஐம்பது வருஷம் சூடானால் ரப்பர் காய்ந்துதான் போகும். இதை எடுத்துவிட்டு வெறும் ஹப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொஞ்ச காலத்தில் கிராங்கில் விரிசல் விழும்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது எடைச் சமநிலை. 350-க்கு முன்பக்கம் எல்லா வருஷமும் எடை சேர்க்காத பேலன்சர்தான். 1986 முதல் பின் சீல் ஒரே துண்டாக மாறியபோது பின்னால் ஃப்ளெக்ஸ்பிளேட்டில்தான் (ஆட்டோமேட்டிக் கியரில் ஃப்ளைவீலுக்குப் பதில் வரும் தகடு) எடை சேர்த்தார்கள், முன்னால் மாற்றமில்லை. ஆனால் 400 இன்ஜின், அதாவது 1970 முதல் 1980 வரை வந்தது, முன்னும் பின்னும் எடை வைத்துச் சமன் செய்யப்பட்டது. அந்த 8 இன்ச் பேலன்சரின் பின்முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டு இருக்கும். அதை 350-ல் மாட்டினால் வேகம் கூடக் கூட நடுக்கம் கூடும், மெயின் பேரிங் போய்விடும். 400 கிராங்க் போட்டு 383 ஆக்கிய இன்ஜினுக்கு நேர் எதிர், பெரும்பாலும் 400-க்கானதுதான் வேண்டும். அதனால் ஆர்டர் போடும் முன் பழையதைக் கழட்டி, பின்முகத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். வண்டிக்காரர் சொல்லும் 350 உள்ளே 350-ஆகத்தான் இருக்கிறதா என்பதற்கு அது ஒரு சாட்சி.

இரண்டாவது விட்டம். உங்கள் தகடு 6¾ இன்ச்சுக்கு ஏற்றது. 8 இன்ச் வாங்கினால் தகட்டில் முட்டும், அதற்குரிய தகடும் மாற்ற வேண்டும். பெரிய வளையம் உயர்ந்த வேகத்தில் நன்றாக அடக்கும் என்பது உண்மை. ஆனால் 5500 ஆர்பிஎம்மைத் தாண்டாத பிக்கப்புக்கு 6¾ தாராளம்.

மூன்றாவது கோட்டின் இடம். 1969-க்குப் பிந்தையது என்று கேட்டு வாங்குங்கள். பின்னாளைய தகடு 12 மணி இடத்தில் நேர் மேலே இருக்கும் வகைக்கு வரும் பேலன்சர் உங்களுக்குச் சேராது. உங்கள் தகடு டிரைவர் பக்கம் ஏறத்தாழ 2 மணி இடத்திலா, நேர் மேலேயா என்று முன்னால் நின்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#12 ஸ்பானர்செட்

திரவம் வைத்த வகை வாங்கினால் ரப்பர் தொல்லையே இல்லையே? ஃப்ளூயிடாம்ப்ர் மாதிரி.

#13 வீ8கணேசன்

தொல்லை குறைவுதான். அதில் வளையம் மூடிய கூட்டுக்குள் கெட்டியான சிலிக்கான் திரவத்தில் மிதக்கிறது. வெளிக்கூடு ஹப்போடு ஒட்டினது, அதனால் கோடு நழுவவே நழுவாது. உங்களுக்கு இது பெரிய லாபம். ஆனால் உள்ளே இடைவெளி மிகக் குறைவு, கூட்டில் ஒரு அடி விழுந்து நசுங்கினால் வளையம் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது வெறும் எடைதான்.

ஏடிஐ நிறுவனம் செய்யும் வகையில் ரப்பர் ஓ-ரிங்குகள், பிரித்துப் புதுப்பிக்கலாம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் எஸ்எஃப்ஐ 18.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது இல்லாமல் பல களங்களில் அனுமதியில்லை. தெருவில் ஓடும் சி10-க்கு நல்ல தரமான ரப்பர் வகையே போதும் என்பது என் முடிவு. மிச்சப் பணத்தில் டைமிங் செயின் வாங்குங்கள், காரணத்தைக் கீழே வாத்தியார் சொல்வார்.

#14 கிராங்க்வாத்தியார்

கணேசன் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். கழட்டும் முன்னேயே ஒரு சோதனை செய்யுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் கேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கிராங்கை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி நிறுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே ரோட்டரைக் கவனியுங்கள். ரோட்டர் அசையத் தொடங்குவதற்குள் கிராங்க் எத்தனை டிகிரி சும்மா சுற்றுகிறது என்பதுதான் செயின் தொய்வு. 8 டிகிரிக்கு மேல் என்றால் செயின் முடிந்தது. அந்தக் காலத்துக் கேம் பல்சக்கரத்தில் நைலான் பல் வைத்திருந்தார்கள், அது வெடித்து எண்ணெய்த் தொட்டியில் விழும். பேலன்சர் கழன்று கிடக்கும்போது கவரைத் திறப்பது பாதி வேலை.

கழட்டும் முறை. ஃபேன், ஷ்ரவுட், பெல்ட்டுகள், புல்லி. புல்லியில் மூன்று ⅜ இன்ச் போல்ட். பிறகு நடு போல்ட்டை எடுத்து, வாஷரைத் தனியே வைத்துவிட்டு, போல்ட்டை மட்டும் மறுபடி முழுவதும் முடுக்குங்கள். புல்லரின் நடுத் திருகு அந்தப் போல்ட் தலையில் தள்ளும், கிராங்க் மறை தப்பிக்கும்.

புல்லர் கட்டாயம் மூன்று போல்ட் வகை. ⅜-24 மறை போல்ட்டுகளை ஹப்பிலேயே முடுக்கி இழுப்பது. கொக்கி வைத்த புல்லரை வெளி வளையத்தில் மாட்டினால் ஹப் அங்கேயே நிற்கும், வளையம் மட்டும் கையோடு வரும். போல்ட்டுகள் ஹப்பில் நன்றாக ஆழம் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு சுற்று மட்டும் பிடித்து இழுத்தால் மறை சீவிவிடும்.

கழன்றதும் ஹப்பின் நீண்ட கழுத்தைப் பாருங்கள். சீல் உதடு உரசும் இடத்தில் நகம் மாட்டுகிற பள்ளம் இருக்கும். புது பேலன்சர் வாங்கினால் அந்தக் கவலை இல்லை. பழைய ஹப்பையே ரப்பர் மாற்றிக் கட்டிக்கொடுக்கும் கடைகளும் உண்டு. அசல் பாகங்களோடு வைத்திருக்கும் கார்வெட் மாதிரி வண்டிகளுக்கு அது நல்ல வழி. அப்படிச் செய்தால் கழுத்தில் மெல்லிய பழுதுக் குழல் ஏற்ற வேண்டும். முன் சீலை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

மாட்டுவதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். சுத்தியல் கூடாது. ஒவ்வொரு அடியும் கிராங்கைப் பின்னால் தள்ளி, ஐந்தாம் மெயினில், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்கின் பக்கச் சுவரில் போய் விழுகிறது. நடு போல்ட்டை வைத்தே இழுத்து ஏற்றுவதும் கூடாது. தொடக்கத்தில் அந்தப் போல்ட் நாலு மறைதான் பிடித்திருக்கும், அந்த இறுக்கத்தில் கிராங்கின் மறையைப் பிடுங்கிவிடும். பேரிங் வைத்த இன்ஸ்டாலர் வாடகைக்குக் கிடைக்கும். அதன் 7/16-20 முனையைக் கிராங்குக்குள் அடிவரை முடுக்குங்கள். கம்பியைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்றுங்கள், ஹப் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

ஏற்றும் முன் கிராங்க் முனையையும் ஹப் துளையையும் நுண் எமரித் தாளால் பிசிறு இல்லாமல் துடைத்து, லேசாக எண்ணெய் பூசுங்கள். சீல் உதட்டுக்கும் எண்ணெய். சாவி பள்ளத்தில் நேராகப் படுத்திருக்கிறதா பாருங்கள், ஒரு முனை தூக்கியிருந்தால் ஹப் பிளந்துவிடும். ஹப்பின் சாவிப்பள்ளத்தில் துளி சிலிக்கான் பசை வையுங்கள். எண்ணெய் அந்தப் பள்ளம் வழியாகத்தான் கசிந்து வரும், சீல் மேல் பழி விழும். இறுக்கமாக இருந்தால் ஹப்பை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுக்கலாம். டார்ச் நெருப்பு காட்டாதீர்கள், புது ரப்பர் அங்கேயே செத்துவிடும்.

நட்டின் இறுக்கம் திடீரென்று கல் மாதிரி ஆகும்போது ஹப் கிராங்க் பல்சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டது. இன்ஸ்டாலரை எடுத்து, தடித்த வாஷரோடு போல்ட்டை 60 அடி-பவுண்டுக்கு முடுக்குங்கள்.

#15 டைமிங்முள்

இன்னொன்று. மாட்டியதும் பிஸ்டன் ஸ்டாப்பை மறுபடி ஒரு முறை போடுங்கள். பெட்டியில் இருந்து வந்த புதுப் பொருள் என்பதற்காகக் கோட்டை நம்பாதீர்கள். மலிவானவற்றில் கோடு இரண்டு மூன்று டிகிரி தள்ளிப் பொறித்து வருவது உண்டு. தகடும் மெல்லிய இரும்புதான், யாராவது நெம்பியிருந்தால் வளைந்திருக்கும். கோடு சரியில்லையென்றால் தகட்டைச் சரிசெய்யலாம், அல்லது உண்மை நடுவில் புதுக் கோடு கீறி பழையதைப் பெயின்டால் மறைத்துவிடலாம்.

#16 பழையமஸ்டாங்

இடையில் ஒரு கேள்வி. ஃபோர்டு 302-க்கும் இதே முறைதானா?

#17 வீ8கணேசன்

கழட்டி மாட்டுவது இதே முறைதான், தேர்வில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். 302-ல் முன்னும் பின்னும் எடை வைத்துத்தான் சமன் செய்திருப்பார்கள். அந்த எடையின் அளவு 1980 வரை 28.2 அவுன்ஸ்-இன்ச், 1981 முதல் 50 அவுன்ஸ்-இன்ச். பேலன்சரும் ஃப்ளெக்ஸ்பிளேட்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், கிராங்கும் அந்த எண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒன்று 28, ஒன்று 50 என்று கலந்தால் வண்டி நடுங்கியே தீரும். புல்லி போல்ட் 1969 வரை மூன்று, 1970 முதல் நான்கு. நடு போல்ட் ⅝-18, 70 முதல் 90 அடி-பவுண்ட்.

டிஸ்ட்ரிப்யூட்டர் ஃபோர்டில் இடஞ்சுழி, செவ்ரோலெட்டில் வலஞ்சுழி. ஃபயரிங் ஆர்டரும் பழைய 302-க்கு 1-5-4-2-6-3-7-8, பின்னாளைய ஹெச்ஓ (உயர்திறன்) இன்ஜினுக்கு 1-3-7-2-6-5-4-8. கேம் மாற்றிய இன்ஜினா என்று தெரியாமல் பிளக் வயரைத் தொடாதீர்கள். மேலே கேட்டால் தனி இழை தொடங்குங்கள், இங்கே 350 முடியட்டும்.

#18 நீலபிக்கப்

பழைய பேலன்சரின் பின்முகம் சுற்றிலும் ஒரே மாதிரி, வெட்டு எதுவும் இல்லை. 1969-க்குப் பிந்தைய கோடு உள்ள 6¾ இன்ச் ரப்பர் வகை வாங்கி, இன்ஸ்டாலரால் மாட்டியாயிற்று. செயின் தொய்வு 4 டிகிரி, அதனால் கவரைத் திறக்கவில்லை. சீல் மட்டும் வெளியில் இருந்தே மாற்றினேன். மறுபடி பிஸ்டன் ஸ்டாப் போட்டதில் புதுக் கோடும் நடுவும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகின்றன.

இனி டைமிங்கை எப்படி வைப்பது? 8 போதுமா, மொத்தத்தைப் பார்த்து வைப்பதா?

#19 கிராங்க்வாத்தியார்

மொத்தத்தைப் பார்த்து வையுங்கள், 350-க்கு அதுதான் முக்கியம்.

மேல்முனைக் கோட்டில் இருந்து வலஞ்சுழித் திசையில், வளையத்தின் வளைவோடு 51 மில்லிமீட்டர் அளந்து ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். அது 34 டிகிரி. 54 மில்லிமீட்டரில் இன்னொன்று, அது 36. இப்போது லைட்டில் அந்தக் கோடுகள் 0-க்கு நேராக வந்தாலே மொத்த டைமிங் தெரிந்துவிடும். டயல் வைத்த லைட் தேவையில்லை. எம்எஸ்டி மாதிரி பலமுறை ஸ்பார்க் அடிக்கும் பெட்டி இருக்கும் வண்டிகளில் டயல் லைட் தடுமாறும். அங்கேயும் இந்தக் கோடுதான் நம்பகமானது.

இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். வேக்குவம் ஹோஸைக் கழட்டி அடைத்து, ஐட்லிங்கை 700-க்குக் கீழே இறக்குங்கள். வேகம் கூடுதலாக இருந்தால் சென்ட்ரிஃபியூகல் எடைகள் ஏற்கெனவே விரியத் தொடங்கியிருக்கும், ஆரம்ப அளவு பொய்யாகும். லைட்டின் கவ்வியை ஒன்றாம் வயரில், அம்புக்குறி பிளக் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் அடியில் உள்ள 9/16 இன்ச் போல்ட்டைக் கையால் திருப்பும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். உடலை இடஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் முன்னேறும்.

வேகத்தை 3000-க்கு ஏற்றி, கோடு அதற்குமேல் நகராமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். 34-ல் நிறுத்தி முடுக்குங்கள். பிறகு ஐட்லிங்குக்கு இறக்கி ஆரம்ப அளவைப் படியுங்கள், குறித்து வையுங்கள்.

லைட் அடிக்கும்போது ஃபேன் நிற்பது போலத் தெரியும். நிற்கவில்லை, லைட்டின் துடிப்பு அப்படிக் காட்டுகிறது. கை, வயர், சட்டை நுனி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

#20 டைமிங்முள்

முடித்ததும் கவ்வியை ஆறாம் வயருக்கு மாற்றி ஒரு முறை அடித்துப் பாருங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, அதில் ஒன்றும் ஆறும் கிராங்கில் 360 டிகிரி இடைவெளி. அதனால் அதே கோடு அதே இடத்தில் தெரிய வேண்டும். 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது.

#21 நீலபிக்கப்

3000-ல் 34, ஐட்லிங்கில் 10. சென்ட்ரிஃபியூகல் 24, வாத்தியார் சொன்ன கணக்கேதான். ஆறாம் வயரில் 1 டிகிரி குறைவு. வேக்குவம் ஹோஸை மாட்டியாயிற்று. அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துச் செல்ஃப் அடித்தேன், தடையில்லாமல் சுற்றி எடுத்தது. அதே மேட்டில் டாப் கியரில் மிதித்தேன், சத்தம் இல்லை.

#22 கிராங்க்வாத்தியார்

நல்லது. ஹப், ரப்பர், வளையம் மூன்றையும் சேர்த்து இன்றே அந்த வெள்ளைக் கோட்டை இழுத்துவிடுங்கள். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் கீழே படுக்கும்போது அதை ஒரு பார்வை பாருங்கள். முதல் 500 மைலுக்குப் பிறகு பெல்ட் இறுக்கத்தையும் புல்லியின் மூன்று போல்ட்டையும் ஒரு தடவை சரிபாருங்கள்.